பாலத்திலிருந்து மூன்றாவது கட்டம்

"ஹலோ… ஆமாங்க, நாந்தான்… வ அலைக்கும் ஸலாம்… சாப்பிட்டாச்சுங்க மச்சான். நீங்க?… உம்… உம்… அம்மாவா? இங்கதான் உக்காந்திருக்காங்க, பலாப்பழம் பிரிச்சிட்டு… சரிங்க, சொல்றேன்… அம்மா, மச்சான் ஸலாம் சொன்னாரு."

சலீமா பீவி எண்ணெய் தடவிய கையை உயர்த்திப் பதில் ஸலாமை வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பலாச்சுளை பிரிப்பதைப் பின்கட்டில் வைத்துக்கொண்டிருக்கலாம். அறைத் தரையில் பலாப்பால் ஒட்டாது. ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்துவிட்டால் எந்த வேலையையும் தூக்கிக்கொண்டு இந்த அறைக்கு வந்துவிடுவாள். போன வாரம் மிளகில் காம்பு பொறுக்கினாள். கல்யாணம் பேசியிருக்கிற பையனும் பெண்ணும் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று வீட்டில் முடிவானபோது, கூட ஒரு ஆள் இருக்கவேண்டும் என்பதும் சேர்ந்தே முடிவானது. அந்த ஆள் அவள்தான்.

போனில் அவளுக்குக் கிடைப்பது பாதிப் பேச்சு. மீதியை மகளின் முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்ளப் பழகியிருந்தாள்.

"ஏன் மச்சான் இப்படி மூச்சு வாங்குது?… மாடி ஏறி வந்தீங்களா… லிப்ட் இல்லீங்களா அங்க?… ஓ… குரலே ஒரு மாதிரி இருக்கு. குடத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி… போர்வையா? இந்த வெயில்லயா?… சரிங்க, சரிங்க, நான் ஒண்ணும் கேக்கல."

சலீமா தலையைத் தூக்கினாள். துபாய் வெயிலில் ஒருவன் பட்டப்பகலில் எதற்குப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பேசுகிறான்? யாருக்குக் கேட்கக்கூடாது என்று?

ரியாசுதீன் அவளுடைய சொந்த அண்ணன் மகன். அண்ணன் ஹபீப் ரஹ்மானுக்கு அடிவாரத்தில், சேந்தமங்கலத்தில் மளிகைக் கடை. மகன் துபாய் போய் ஒரு பெரிய ஸ்டோர்ஸில் சூப்பர்வைசராக இருக்கிறான் என்று அண்ணன் சொன்னார். அதைச் சொந்தக்காரப் பெண்களிடம் மேனேஜர் ஆக்கியது சலீமாதான். அந்தப் பொய்யைப் பற்றி அவள் அதிகம் கவலைப்படவில்லை. சூப்பர்வைசர் நாளைக்கு மேனேஜர் ஆகத்தானே போகிறான்.

இன்று அண்ணன் மலைக்கு வருகிறார். காரவள்ளியில் பஸ் ஏறியிருப்பார். வளைவு வளைவாக ஏறுகிற வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு செம்மேட்டில் வந்து இறங்குவார். சாயங்கால அஸர் தொழுதுவிட்டு, மகள் காமிலாவின் வாயாலேயே சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, நிக்காஹ் தேதியோடு இறங்கிப் போவார். அதுதான் ஏற்பாடு. காமிலா இதுவரை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்டால் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு, "பாக்கலாம்மா" என்பாள். பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்த பெண். வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள். அவளிடமிருந்து அதற்கு மேல் ஒரு சொல்லை யாராலும் பிடுங்க முடிந்ததில்லை.

ஆரம்பத்தில் போனிலும் அப்படித்தான் இருந்தாள். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். மழையா, மழைதான். பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம். அதற்குப் பிறகுதான் ஊருக்கு லீவில் வந்த ஒருவர் கையில் ரியாஸ் ஒரு பார்சல் கொடுத்துவிட்டான். பவுடர் டப்பா, அத்தர், ஒரு சி.டி. கம்ப்யூட்டர் விளையாட்டு. கடையில் சும்மா கிடைத்தது, தான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, காமிலா போட்டுப் பார்த்து எப்படி இருக்கிறது என்று சொல்லட்டும் என்றான்.

டி.வி.யில் சாயங்காலம் தமிழ் பேசிக்கொண்டு வருமே, ஜப்பான் கார்ட்டூன், மேகத்தீவு. அதே தீவுதான் இதில் தாயக்கட்டம் மாதிரி கட்டம் கட்டமாக விரிந்து கிடந்தது. நாலு காய்கள். பட்டனைத் தட்டினால் பகடை உருளும். ஊற்றில் நின்றால் ஒரு முத்து கிடைக்கும். கிணற்றில் விழுந்தால் ஒரு முத்து போய்விடும். முத்துகளோடு மலை உச்சியை முதலில் தொடுகிறவர் ஜெயிப்பார். காமிலாவுக்கு மோம்பா. அது நீல நிறத்தில் உருண்டையாக, பெரிய வாலும் தலையில் இலைத் தொப்பியுமாக இருக்கும். ரியாசுக்குத் தவளை வைத்தியர். மீதி இரண்டையும் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும். ரியாசுக்கு அங்கே படம் தெரியாது. அவனுக்கான பகடையையும் காமிலாவே இங்கே உருட்டி, என்ன விழுந்தது, எங்கே நிற்கிறான் என்று சொல்வாள். வழி பிரியும் இடத்தில் இடமா வலமா என்று அவன் சொல்வான்.

முழு நம்பிக்கையில் நடக்கிற ஆட்டம் என்று சலீமா நினைத்திருந்தாள். ஒரு நாள் திரையைக் கவனித்துப் பார்க்கும் வரைக்கும்.

"புதுத் தீவு திறந்திருச்சு மச்சான்… ஆமாங்க, பழசு போன வாரத்தோட முடிஞ்சுதில்ல. இது ராத்திரி மாதிரி இருக்கு, கட்டமெல்லாம் மினுக் மினுக்னு… இல்லீங்க, நான் இன்னும் ஆடிப் பாக்கல. நீங்க இல்லாம எப்படி ஆடறது… யாரு வேணும் உங்களுக்கு?… தவளையேவா? ஒரு தடவையாவது மோம்பாவ எடுங்களேன். அதுக்குத்தான் ஒரு கட்டம் கூடப் போற வித்தை இருக்கு… ஏன் அதைக் கண்டாலே ஆக மாட்டேங்குது உங்களுக்கு?… சரி, சரி. நானே எடுத்துக்கிறேன்."

காமிலா சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரிப்பது இந்த நேரத்தில் மட்டும்தான்.

"பாருங்க, ஆரம்பிச்சிருச்சு… மோம்பாதான். முறை வந்தா உருட்டற வரைக்கும் ஆடிட்டே நிக்குமில்ல, அது. வயித்த இப்படி ஒரு ஆட்டு, வால அப்படி ஒரு ஆட்டு. நான் வேணும்னே உருட்டாம விட்டு வெச்சிருக்கேன். ஆடட்டும், குண்டன்… என்னங்க? ஏன் பேச்சே காணோம்?… இல்ல, சிரிச்சது தப்பா?… சரிங்க. உருட்டிடறேன்."

ஆட்டம் நகர்ந்தது. தவளை நாலு போயிற்று. மோம்பா ஐந்து போயிற்று. தவளைக்கு ஒன்று விழுந்தபோது வழக்கமான வழக்கு எழுந்தது. ஒன்று விழுந்தால் தாயம், தாயத்துக்கு இன்னொரு ஆட்டம் உண்டு என்பது ரியாசின் கட்சி. கம்ப்யூட்டருக்குத் தாயம் தெரியாது என்பது காமிலாவின் கட்சி. சேந்தமங்கலத்தில் செல்லுகிறது ஜப்பானில் செல்லாதா என்று அவன் கேட்டிருக்கவேண்டும். "ஜப்பான்காரன்கிட்டயே போன் போட்டுக் கேளுங்க" என்றாள் காமிலா. சலீமாவுக்கே சிரிப்பு வந்தது.

தவளை ஒரு கயிற்றுப் பாலத்தில் ஏறி நின்றது. அடுத்த முறை அதற்கு மூன்று விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. தவளை பொத்தென்று கிணற்றுக்குள் விழுந்து, ஒரு முத்து மேலே பறந்து போவதைச் சலீமா தன் கண்ணால் பார்த்தாள்.

"மூணு விழுந்திருக்கு மச்சான்… ஊத்துல நிக்கறீங்க. ஒரு முத்து கிடைச்சிருக்கு."

சலீமாவின் விரல் சுளைக்குள் நின்றுவிட்டது. இதுதான். இதைத்தான் அவள் சில வாரங்களாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கிணற்றில் விழுந்தால் இவள் ஊற்று என்பாள். அவன் கடைசியாக வந்தால் இரண்டாவது என்பாள். கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் கூசாமல் பொய் சொல்கிற பெண்ணை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எதிராளியை ஏமாற்றி ஜெயிப்பதற்காக என்றாலாவது புரியும். இது அவனைத் தோற்க விடாமல் ஏமாற்றுவது. அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று நினைத்துத்தான் சலீமா இதுவரை வாயைத் திறக்கவில்லை.

"என்னங்க?… இல்லீங்க, ஊத்துதான்… கிணறா?… இல்லையே… பாலத்துல இருந்து மூணு போனா கிணறுதான் வரும்ங்கிறீங்களா…"

காமிலா பட்டனிலிருந்து கையை எடுத்தாள். திரையைப் பார்த்தாள். கிணற்றுக்குள்ளிருந்து தவளையின் கண் இரண்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"மச்சான், உங்களுக்கு எப்படித் தெரியும்?"

காமிலா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் சொன்னேனா?… நான் எப்படிங்க சொல்லியிருப்பேன். இந்தத் தீவே இன்னிக்குத்தான் திறந்திருக்கு. பாலம் இருக்குன்னே எனக்கு இப்பதான் தெரியும்… குத்துமதிப்பாச் சொன்னீங்களா… உம்… குத்துமதிப்பா."

அவள் இடது கையால் துப்பட்டா நுனியைச் சுருட்டத் தொடங்கினாள். சலீமாவுக்கு அந்தக் கை தெரியும். பரீட்சைக்குப் போகும் முன்பும் அப்படித்தான் சுருட்டுவாள்.

"பிரிச்சுக்கூடப் பாக்கலன்னீங்க… இல்லீங்க, சண்டை இல்ல. சும்மாதான் கேக்கறேன்… நீங்க இப்ப எங்க இருக்கீங்க?… ரூம்லயா. வெள்ளிக்கிழமை லீவு… தெரியும், தெரியும், சொல்லியிருக்கீங்க… ரூம்ல வேற யாரு?… யாருமே இல்ல… அப்ப அந்தச் சத்தம்?… பிள்ளைங்க கத்தற மாதிரி… பக்கத்து ரூம் டி.வி.யா… பாட்டு ஒண்ணு கேக்குதே அது?… எக்கோவா?… ஆமாங்க, வெளிநாட்டு லைன்ல எக்கோ வரும். இங்க ஸ்பீக்கர்ல வர்ற பாட்டு அங்க வந்து திரும்பி வருது… நானும் அப்படித்தான் இத்தனை நாள் நெனச்சிட்டு இருந்தேன்."

பிறகு காமிலா ஒரு காரியம் செய்தாள். கையை நீட்டிக் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரை அணைத்தாள். அறை சட்டென்று ஊமையானது. வீட்டோடு சேர்ந்த முன்கடையில் அவளுடைய அத்தா, சலீமாவின் வீட்டுக்காரர், யாரிடமோ மிளகு ஈரமாக இருக்கிறது என்று பேரம் பேசுவது மட்டும் கேட்டது. திரையில் மோம்பா சத்தமில்லாமல் வயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தது.

"மச்சான், கொஞ்ச நேரம் பேசாம இருங்க… ஒண்ணுமில்லீங்க. சும்மா இருங்க."

சலீமாவைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். சலீமா மூச்சையும் அடக்கிக்கொண்டாள். காமிலா ரிசீவரைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடினாள். பிறகு மெல்ல, வாய் திறக்காமல், ஒரு மெட்டை முனகினாள். சலீமாவுக்கு அது நன்றாகவே தெரிந்த மெட்டு. வாரா வாரம் இந்த அறையில் கேட்டுக்கேட்டு, அரிசி களையும்போதுகூட அவள் நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்வது.

"பாட்டு இன்னும் கேக்குது மச்சான். நான் இங்க ஸ்பீக்கர அணைச்சிட்டேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, காமிலா இல்லை என்று தலையாட்டினாள்.

"எக்கோன்னா இங்க சத்தம் இருந்தாத்தானே அங்க திரும்பும்… அங்கேயும் இதே விளையாட்டு ஓடிட்டிருக்கு… யாரு கூட ஆடறீங்க?… சும்மா கேக்கலீங்க. நான் இங்க உங்களுக்கும் சேத்து உருட்டிட்டு, எங்க நிக்கறீங்கன்னு ஒவ்வொண்ணாச் சொல்லிட்டு உக்காந்திருக்கேன். அங்க நீங்க வேற யாரு கூடவோ…"

சலீமா கத்தியைக் கீழே வைத்தாள். சேந்தமங்கலத்தில் ருக்ஸார் என்று ஒரு பெண் இருந்தாள், நல்ல பெண். மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது நிக்காஹ் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அங்கேயும் முதலில் இப்படித்தான், பின்னால் ஏதோ சத்தம், ரூமில் டி.வி. என்று. பட்டப்பகலில் போர்வைக்குள் பேசுகிறவன். மூச்சு வாங்குகிறவன். எப்போதும் கொஞ்ச நேரம் பேசிவிட்டு அவசரமாக வைக்கிறவன். பிள்ளைகள் சத்தம். அண்ணன் மகன்தான். ஆனால் அண்ணனுக்கே தெரியாமல் இருந்தால்?

"ஒரு பொம்பளைக் குரல்… இப்பக் கேட்டுச்சு… யாருங்க அது?… இல்ல, வைக்காதீங்க… வெச்சீங்கன்னா நான் மறுபடி எடுக்கவே மாட்டேன்."

இவ்வளவு உறுதியாகக் காமிலா யாரிடமும் பேசி சலீமா கேட்டதில்லை. எழுந்து போய் ரிசீவரைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று நினைத்தாள். கையெல்லாம் பலாப்பால்.

"மறுபடி கூப்பிடறாங்க… மோம்பான்னு கூப்பிடறாங்க… ரெண்டு தடவை கேட்டுச்சு எனக்கு. மோம்பா, மோம்பான்னு… உங்களையா கூப்பிடறாங்க?"

இதற்குப் பிறகு காமிலா கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"உம்…"

"உம்…"

"எப்ப இருந்து?… போன உடனே இருந்தா."

அவள் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். சலீமா முகத்தைப் படிக்கப் பார்த்தாள். கோபமா என்றால் கோபம் மாதிரியும் இல்லை.

"அது பொம்மைக் கடைங்களா… ஸ்டோர்ஸ்னு சொன்னது அதைத்தானா… வாசல்ல நின்னு… பிள்ளைங்க வர்றப்பல்லாம் ஆடணும்… அந்த உடுப்புக்குள்ள நீங்கதானா… உம்… பக்கத்துலயே டி.வி. வெச்சு இதே விளையாட்ட ஓட விட்டிருக்காங்களா, நாள் பூரா… அதான் கட்டமெல்லாம் மனப்பாடம்… கூப்பிடறது கடை மேடமா… சரிங்க… சரிங்க, அழுகாதீங்க. அழுகலையா? சரி."

சலீமாவுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. சூப்பர்வைசர். மேனேஜர். பொம்மைக் கடை வாசலில் வால் வைத்த நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு வயிற்றை ஆட்டுகிறவன். அவள் திரையைப் பார்த்தாள். அங்கே அது ஆடிக்கொண்டே இருந்தது.

"இப்ப அந்தத் தலை எங்க இருக்கு?… மடியிலயா… முதல்ல கழட்டாமயே பேசினீங்களா. அதான் குடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி… உள்ள ரொம்ப வேகுமா?… காத்து போக இடமே இல்லையா… வாய் இருக்கற இடத்துல ஓட்டையா… உம்."

காமிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் குரல் மாறியது.

"நான் அத்தனை வாரமும் குண்டன், குண்டன்னு சிரிச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல… இல்லீங்க, வேலை இழிவுன்னு நான் சொன்னேனா? நான் சொல்லவே இல்லையே. மாமா ஊரெல்லாம் சூப்பர்வைசர்னு சொல்லிட்டு இருக்காரு. நீங்க அவருகிட்ட அப்படிச் சொன்னீங்க. எங்கிட்டயும் அப்படிச் சொன்னீங்க. எனக்கு அதான்… அதான் மச்சான். வேற ஒண்ணும் இல்ல."

மேனேஜர் என்று சொன்னது யார் என்பதை அவள் சொல்லவில்லை. ஆனால் ஒருதரம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சலீமா சுளையைப் பார்த்துக்கொண்டாள்.

"என்னங்க?… நானா?… நான் என்ன பொய்…"

காமிலாவின் காது சிவந்தது.

"ஊத்து இல்ல. ஆமாங்க. கிணறுதான்… முத்து போயிருச்சு… போன வாரமும்… அதுக்கு முன்னாடியும்… ரெண்டாவது வரலீங்க, கடைசிதான் வந்தீங்க. எல்லாமே தெரியுமா உங்களுக்கு?… எந்தக் கட்டத்துல இருந்து எது வரும்னு தெரிஞ்சுட்டேதான் நான் சொல்றதுக்கெல்லாம் உம் கொட்டினீங்களா… ஏன் கேக்கல?… உம்… எதுக்கு அப்படிச் சொன்னேன்னா… அதெல்லாம் எனக்குச் சொல்ல வராது மச்சான். நீங்க தோத்துட்டா சீக்கிரம் வெச்சிருவீங்களோன்னு… போங்க."

இரண்டு பக்கமும் பேச்சில்லை. பழைய வெள்ளிக்கிழமைகளின் மௌனம் அல்ல இது என்று சலீமாவுக்கு ஏனோ தோன்றியது.

வெளியே கடைசி வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

"மாமா பஸ்ஸுங்க… ஆமா, இன்னிக்குத்தான். அஸர் தொழுதுட்டு என்னைக் கேப்பாரு… என்னன்னா? சரியா இல்லையான்னு… எனக்கு என்ன தெரியும், நான் என்ன சொல்றது… இல்லீங்க. நான் சொல்ல மாட்டேன். உங்க வேலை என்னன்னு நான் ஏன் சொல்லணும். அம்மாவும் சொல்ல மாட்டாங்க."

இதை அவள் அம்மாவைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை. சலீமா மனதுக்குள் அண்ணனிடம் கேட்கவேண்டிய வார்த்தைகளை அப்போதுதான் அடுக்கிக்கொண்டிருந்தாள். பெண் கொடுக்கிற வீட்டில் இப்படியா என்று தொடங்குவதாக இருந்தாள். மகள் தன் பேரில் வாக்குக் கொடுத்துவிட்ட பிறகு அந்த வார்த்தைகளைக் கலைத்துவிட்டாள்.

"நீங்கதான் சொல்லணும். முன்கடை நம்பர் இருக்கில்ல உங்ககிட்ட… அதுக்குப் போடுங்க. மாமாகிட்ட நீங்களே சொல்லுங்க… இப்பவேதான். பொறவுன்னா பொறவு பொறவுன்னே போயிரும்… போன் கார்டு முடியப் போகுதா… வேற கார்டு வாங்கிக்குங்க… மேடம் திட்டுவாங்கதான். திட்டட்டும். ஆடறதுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுப் போனா அந்தப் பிள்ளைங்க ஓடியா போயிரும்… சொன்னா?… சொன்னா அப்புறம் பாக்கலாம்… இல்ல, இப்பச் சொல்ல மாட்டேன். எங்கிட்ட மட்டும் சொல்லி வெச்சுக்கிட்டா அது சொன்னதா ஆகாது."

முன்பக்கம் அண்ணனின் குரல் கேட்டது. வளைவெல்லாம் குடலைப் புரட்டிவிட்டது, இந்த ரோடு போட்டவனைப் பிடித்து நாலு தடவை ஏற்றி இறக்கவேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார்.

"மாமா வந்துட்டாரு… ஆமா, அவர் குரல்தான்… இருங்க, வைக்காதீங்க. உங்க ஆட்டம் ஒண்ணு பாக்கி இருக்கு. மோம்பாவுது அப்புறம். உங்களது முதல்ல."

பட்டனைத் தட்டினாள். மோம்பாவின் முறையைத் தள்ளி வைக்க அதில் ஒரு பட்டன் உண்டு. பகடை உருண்டது. சலீமா எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணு… நெசமா ஒண்ணுதாங்க. கிணத்துல இருந்து ஒரு கட்டம் மேல ஏறிட்டீங்க. அம்மாவும் பாத்தாங்க, வேணும்னா கேளுங்க… தாயமா?… இன்னொரு ஆட்டமா?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் குரலில் சிரிப்பின் ஓரம் இருந்தது.

"அது உங்க அத்தாகிட்டப் பேசின அப்புறம்… ஹலோ?… மச்சான்?… ஹலோ…"

கட்டாகிவிட்டது. காமிலா ரிசீவரைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு மெல்ல வைத்தாள்.

ஹபீப் ரஹ்மான் வாசலில் வந்து நின்றார், கையில் கசங்கிய எலுமிச்சம்பழத்தோடு. காமிலா துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டு எழுந்து ஸலாம் சொன்னாள். பதில் சொன்னவர், தொழுகை வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை.

"என்ன கண்ணு, போன்ல பையன்தானா? நல்லது. மாமா கேக்கறேன், உன் வாயால சொல்லிரு. சரிதானே?"

காமிலா தரையைப் பார்த்தாள். சலீமா அவசரமாக எழுந்தாள்.

"இருங்கண்ணே. ஏறி வந்த களைப்பு. மொதல்ல தண்ணி குடிங்க."

தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். இன்னொரு டம்ளர் கொடுத்தாள். போதும் என்றார். மலைத் தண்ணி உடம்புக்கு நல்லது என்று கையில் திணித்தாள். சுளை எடுத்துக் கொடுத்தாள். வயிறு புரட்டுகிறது, வேண்டாம் என்றார். தேனில் தொட்டுச் சாப்பிட்டால் புரட்டாது என்றாள். தன் வாயிலிருந்து இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வார்த்தை வருவது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. முன்கடைப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பையன் போட மாட்டான் என்று நினைத்தாள். அந்தத் தலையை எடுத்து மாட்டிக்கொண்டு ஆடப் போயிருப்பான். காமிலாவின் விரல் துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

ஹபீப் ரஹ்மான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி காமிலாவின் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் முன்கடையில் போன் மணி அடித்தது.

"ஹலோ," என்றது காமிலாவின் அத்தாவின் குரல். "ஆமா… அட, ரியாசா? இப்பத்தானே பின்னாடி பேசிட்டு இருந்தே… உங்க அத்தாவா? இங்கதான் இருக்காரு, இப்பத்தான் வந்தாரு… என்னப்பா, குரல் ஏன் இப்படி இருக்கு?… இரு, இரு, கூப்பிடறேன்."

"போங்கண்ணே," என்றாள் சலீமா. "உங்களுக்குத்தான்."

அவர் போனார். காமிலா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். திரையில் மோம்பா தன் முறைக்காக, யாரும் கேட்காத பாட்டுக்கு, இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி, ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பட்டனைத் தட்டினாள்.

மோம்பா ஆடுவதை விட்டுவிட்டு, வாலை மடித்துப்போட்டுக் கீழே உட்கார்ந்தது.